வீட்டு விலை இருநூறு டாலர்

ஆறடி மூன்று அங்குல உயரம். ஊரிலேயே பெரிய மாட்டுத் தீவனக் கடைக்குச் சொந்தக்காரன். கன்றுக்குட்டியை ஒற்றைக் கையால் தூக்கி லாரியில் போடுகிறவன். அப்பேர்ப்பட்ட வெல்டன் ஹாட்ச், துப்பறியும் ஓபல் ஸ்ட்ரவுட்டின் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு கேவிக் கேவி அழுதான்.

கீழே சலவைக்கடை இயந்திரம் வேகம் பிடித்ததில் தரை அதிர்ந்தது. மேலே வெல்டன் அழுததில் மேஜை அதிர்ந்தது.

"ரெண்டு டிஷ்யூ போதும்னு நினைச்சேன், பாஸ்" என்றான் டூயி. "இவருக்கு பெட்ஷீட்தான் சரிப்படும் போலிருக்கு."

டூயி, ஓபலின் உதவியாளன். காளைச் சவாரி மைதானங்களில் கோமாளி வேலை பார்த்தவன். ஒரு காளை முட்டியதில் இடுப்பு போனது. வாய் மட்டும் போகவில்லை, அதை வைத்துத்தான் இப்போது பிழைப்பு.

"டேய், சும்மா இரு." ஓபல் ஒரு பிடி சூரியகாந்தி விதையை வாயில் போட்டுக்கொண்டாள். ஓக்லஹோமா ஷெரீப் அலுவலகம் ஒன்றில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டுத் தனியாகக் கடை விரித்தவள். வயது ஐம்பத்தைந்து. அவள் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "வெல்டன், அழுகையை நிறுத்து. யாரு செத்தா?"

"யாரும் சாகலை மேடம். என் துப்பாக்கி போயிடுச்சு."

"திருட்டா?"

"என் பொண்டாட்டி வித்துட்டா. நூத்தி நாப்பது டாலருக்கு. கூட ஒரு வாஃபிள் அடுப்பையும் ஓசியா குடுத்து."

"நீ வாங்கினது எவ்வளவுக்கு?"

வெல்டன் கதவைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். பிறகு குரலை அடியோடு இறக்கினான்.

"பதினாலாயிரம்."

டூயி மென்றுகொண்டிருந்த சூயிங்கம்மை அப்படியே விழுங்கிவிட்டான்.

"வீட்டுல எவ்வளவுன்னு சொல்லி வச்சிருக்க?"

"இருநூறு."

ஓபல் ஆச்சரியப்படவில்லை. அந்த ஊரில் துப்பாக்கி வாங்கிய எந்த ஆம்பிளையும் வீட்டில் நிஜ விலை சொன்னதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் பதினாலாயிரத்தை இருநூறாக்கியது கொஞ்சம் அதிகப்படியான தைரியம்தான்.

"அப்படி என்ன அபூர்வ சாமான் அது?"

வெல்டனின் முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. "ரெட்டைக்குழல், மேடம். லண்டன்ல ஒரு பிரபு வேட்டைக்குப் போறதுக்காக நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆர்டர் குடுத்துச் செஞ்சது. லீராய் டீக் கடையில வாங்கினேன். பக்கவாட்டு வெள்ளித் தகட்டுல வான்கோழி செதுக்கியிருக்கும். ஒவ்வொரு இறகும் தனித்தனியா தெரியும்."

ஓபலின் வாயில் விதை ஒரு நொடி நின்றது. "வான்கோழியா?"

"ஆமா, வான்கோழி."

"சரி, மேல சொல்லு. எத்தனை தடவை சுட்டிருக்க?"

"சுடறதா!" வெல்டன் பதறிப்போனான். "பதினாலாயிரம் டாலர் துப்பாக்கியை எவனாவது சுடுவானா? கீறல் விழுந்துட்டா என்ன ஆகறது? நிஜமாவே இருநூறு டாலர் துப்பாக்கியா இருந்தா தினம் நாலு தடவை சுட்டிருப்பேன். இதைக் கட்டிலுக்கு அடியில வச்சு, நோவலின் இல்லாதப்ப எடுத்துத் தடவிப் பாப்பேன். அவ்வளவுதான்."

"அவ்வளவு காசு எங்கேர்ந்து வந்துச்சு?"

மறுபடியும் அழுகை. இந்தத் தடவை சத்தமே இல்லாத அழுகை. டூயி கேலியை விட்டுவிட்டு டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் தள்ளினான்.

"நோவலின் கடலே பாத்ததில்ல மேடம். கல்யாணம் ஆனதுலேர்ந்து சொல்லிட்டிருக்கா, ஒரு தடவை கடல் பாக்கணும், கரையிலேயே வீடு எடுத்து ஒரு மாசம் இருக்கணும்னு. அதுக்குன்னு ரெண்டு பேரும் சேத்த காசு. நான்தான்... ஆலங்கட்டி மழையில கடைக் கூரை போச்சு, காசெல்லாம் அதுக்கே சரியாப்போச்சுன்னு சொல்லிட்டேன்."

"கூரைக்கு என்ன ஆச்சு?"

"ஒரு ஓட்டை விழலை." வெல்டன் தொப்பியைக் கசக்கினான். "அவ ஒரு வார்த்தை கோவமா பேசலை. போனா போகுது கண்ணு, முதல்லேர்ந்து சேப்போம்னா. போன சனிக்கிழமை நான் கடையில இருந்தப்ப, வீட்டு முன்னாடி பழைய சாமானெல்லாம் பரப்பி வித்திருக்கா, கடலுக்காக. என் துப்பாக்கியையும் சேத்து. 'நீ சுடவே மாட்டேங்கிற. இருநூறு டாலர் சாமான் நூத்தி நாப்பதுக்குப் போயிருக்கு, நல்ல விலைதானே'ன்னு கேக்கறா. நான் என்னத்த சொல்ல? நல்ல விலைதான்னேன்."

வரும் சனிக்கிழமை மைதானத்தில் துப்பாக்கிச் சந்தை. டல்சாவிலிருந்து மதிப்புப் போடும் நிபுணர் ஒருவர் வருகிறார். வாங்கினவன் அவரிடம் அதைக் காட்டினால் விலை ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் மறுநாள் சர்ச்சில் நோவலினுக்குத் தெரியும். வெல்டனின் பயம் அதுதான்.

"அதுக்குள்ள கண்டுபிடிச்சுடுங்க மேடம். துப்பாக்கி போனா கூடப் பரவால்ல. அவளுக்குத் தெரியக் கூடாது."

* * *

நோவலின் ஹாட்ச் சின்ன உருவம், ஓயாத கை. வந்தவர்களை உட்காரவைத்த கையோடு ஐஸ் டீ வந்துவிட்டது, பீச் பழப் பணியாரம் வந்துவிட்டது, அதன் மேல் ஐஸ்கிரீமும் வந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் தலையில் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் கசங்கிய நோட்டுகள். ஜாடியில் ஒட்டிய தாளில் 'கடல்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு மீன் வரைந்திருந்தாள்.

"போன வாரம் நீங்க வித்த வாஃபிள் அடுப்பு மேல எனக்கு ஒரு கண்ணு" என்று ஓபல் கூசாமல் பொய் சொன்னாள். "யாரு வாங்கினதுன்னு சொன்னா அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்குவேன்."

"அதையா? அதுல ஒரு மூலை சூடே ஏறாதே! கல்யாணமான நாள்லேர்ந்து வாஃபிள் ஒரு மூலை வெள்ளையாவேதான் வரும். அந்த வெள்ளை மூலையை வெல்டன்தான் தின்பான், பாவம், எனக்கு வைக்கவே மாட்டான்." நோவலின் சிரித்தாள். "வாங்கினவன் யாருன்னு தெரியலைம்மா. இந்த செப்டம்பர் வெயில்ல கழுத்துல கம்பளி மப்ளர். முகத்துல பாதி கறுப்புக் கண்ணாடி. தொண்டை கட்டிக்கிச்சுன்னு குசுகுசுன்னு பேசினான். துப்பாக்கிக்குத்தான் வந்தான். வாஃபிள் அடுப்பு கொசுறு."

"பேரம் பேசினானா?" ஓபல் சாதாரணமாகக் கேட்டாள்.

"பேரமா! வெல்டன் வாங்கின விலையையே சொன்னேன், இருநூறு. அவன் அம்பதுல ஆரம்பிச்சான். அஞ்சு அஞ்சா ஏத்தறான்! நடுவுல ரெண்டு தடவை கோவிச்சுக்கிட்டு வண்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தான். நூத்தி நாப்பதுல வந்து நின்னுட்டு, அதுக்கு மேல ஒரு சல்லி பெறாதுன்னுட்டான். கூட அந்த வாஃபிள் அடுப்பையும் குடுத்தாத்தான் ஆச்சுன்னு அடம்."

டூயி பணியாரத்துக்கு நடுவில் தலையை நீட்டினான். "ஆன்ட்டி, உங்க வீட்டுக்காரர் வாங்கினது இருநூறுதான்னு நிச்சயமா தெரியுமா?"

ஓபல் மேஜைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள். நோவலின் கோபப்படவில்லை.

"எனக்குப் புரியுது தம்பி. எங்க சர்ச் பொம்பளைங்ககிட்ட ஒரு வாய்ப்பாடே இருக்கு. புருஷன் துப்பாக்கி விலை சொன்னா மூணால பெருக்கிக்கணும். பாஸ்டர் பொண்டாட்டியே பெருக்கறா. நானும் முன்னாடி பெருக்கிட்டிருந்தேன். இப்ப பெருக்கறதில்ல." அவள் முகத்தில் ஒரு கர்வம் வந்து உட்கார்ந்தது. "என் வெல்டன் அப்படி இல்ல. எனக்குத் தெரியும்."

டூயிக்குத் தொண்டையில் பீச் பழம் சிக்கிக்கொண்டது.

* * *

"வாங்கினவன் அடிமுட்டாள், பாஸ்" என்றான் டூயி, வண்டியைக் கிளப்பிக்கொண்டே. "பதினாலாயிரம் டாலர் சாமானுக்கு அஞ்சு டாலர் குறைக்கச் சண்டை போட்டிருக்கான். பக்கத்து ஊரு விவசாயி எவனாவது இருப்பான். சோளக்காட்டுல பன்னி விரட்ட வாங்கிட்டுப் போயிருப்பான்."

"சரி, விலை தெரியாத முட்டாள்னே வச்சுக்க. மப்ளர் எதுக்கு?"

டூயி யோசித்தான். "அப்போ விலை தெரிஞ்சவன். பதினாலாயிரத்தை இருநூறுக்குத் தட்டிட்டுப் போறோமேன்னு மூஞ்சிய மறைச்சுக்கிட்டான்."

"விலை தெரிஞ்சவன் பேரம் பேசுவானா? அந்தம்மா மனசு மாறிடப்போறான்னு இருநூறைக் கையில திணிச்சுட்டு ஓடியே போயிருப்பான். இவன் கோவிச்சுக்கிட்டு வண்டி வரைக்கும் போயிருக்கான்டா, அதுவும் ரெண்டு தடவை. துப்பாக்கியை அங்கேயே விட்டுட்டு!"

"அப்போ தெரிஞ்சவனும் இல்ல, தெரியாதவனும் இல்ல. பாஸ், இது பேய். கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாம்."

"மூணாவதா ஒருத்தன் இருக்கான்." ஓபல் விதைத் தோலை ஜன்னல் வழியாகத் துப்பினாள். "அந்தத் துப்பாக்கியோட விலை துல்லியமா தெரிஞ்சவன். அதனாலதான் நூத்தி நாப்பதுக்கு மேல அவனுக்குக் கை வரலை."

டூயி பிரேக் போட்டான். பின்னால் வந்த டிராக்டர்காரன் திட்டிவிட்டுப் போனான்.

"பாஸ்... அப்படின்னா அது..."

"இங்கிலீஷ் பிரபு லண்டன்லேர்ந்து வேட்டைக்குப் போனா எதைச் சுடுவான்? காடை, கவுதாரி, காட்டு வாத்து. நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்க எந்தக் காட்டுல வான்கோழி மேஞ்சுது? வான்கோழி நம்ம ஊரு வேட்டைடா. செதுக்கினவனும் நம்ம ஊரு ஆளு. வண்டியைத் திருப்பு, லீராய் கடைக்கு."

* * *

லீராய் டீக்கின் துப்பாக்கிக் கடை வாசலிலேயே வெல்டனின் லாரி நின்றது. லாரிக்குள் அவன் குட்டிபோட்ட பூனையாய்த் தவித்துக்கொண்டிருந்தான். வாங்கினவன் தோட்டா வாங்கவாவது இங்கே வருவான் என்று காவலாம். "நீ உள்ள வராத, நான் கூப்பிட்டா வா" என்று ஓபல் அவனை அமுக்கிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

துப்பாக்கி எண்ணெய் வாசனை. அதோடு கலந்து, வெண்ணெய் உருகும் வாசனை. டூயியின் மூக்கு தானாக நிமிர்ந்தது.

கல்லா முன்னால் பாஸ்டர் க்ரம் நின்றுகொண்டு ஒரு ரைஃபிளைக் குழந்தையைப் போல் தோளில் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் முடிதிருத்தும் கடை வெர்ஜில்.

"முந்நூறு டாலர் துப்பாக்கியிலயும் மான் சாகுது, மூவாயிரம் டாலர் துப்பாக்கியிலயும் மான் சாகுது, பாஸ்டர்" என்றான் வெர்ஜில். "மான் என்ன விலைச்சீட்டைப் படிச்சுப் பாத்துட்டா சாகுது?"

"விலை குறைஞ்சா கை நம்பாது, வெர்ஜில்" என்றான் லீராய், கல்லாவுக்குப் பின்னாலிருந்து. ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்து வாரிய தலை, குழைகிற குரல். "கை நம்பாட்டி குறி தப்பும். குறி தப்பினா மானுக்குத்தான் லாபம். உன் கத்திரிக்கோல்ல மலிவானதை வச்சா முடி வெட்டற? பாஸ்டர், நீங்க எடுத்துக்குங்க. வீட்டு விலை என்ன போடட்டும்?"

"போன தடவை நூத்தம்பது போட்டோம்" என்று பாஸ்டர் மெல்லச் சொன்னார்.

"போன தடவை அம்மா நம்பினாங்களா?"

"நம்பினா மாதிரிதான் இருந்துச்சு."

லீராய் இரண்டு சீட்டு எழுதினான். வெள்ளைச் சீட்டில் மூவாயிரம். மஞ்சள் சீட்டில் நூற்றெழுபத்தைந்து. மஞ்சளைத் துப்பாக்கியில் கட்டினான். வெள்ளையை பாஸ்டர் நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

டூயி ஒரு கைத்துப்பாக்கியைக் காட்டினான். "இது எவ்வளவு அண்ணே?"

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

"விலையைக் கேட்டா ஜாதகம் கேக்கறீங்களே! இல்ல."

"அப்போ ஒரே விலைதான்." லீராய் ஒரு தட்டை நீட்டினான். "முதல்ல சாப்பிடு. வர்றவங்களுக்கெல்லாம் சுடச்சுட போட்டுக் குடுக்கறேன். புதுசா ஆரம்பிச்சிருக்கேன்."

தட்டில் வாஃபிள். மேலே பாகு. டூயி எடுத்து வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான். மூன்று மூலை பொன்னிறம். நாலாவது மூலை, மாவு மாறாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பாஸ்" என்றான். "கேஸைச் சாப்பிடவா, வச்சுக்கவா?"

ஓபல் வாஃபிளைப் பார்த்தாள். பிறகு லீராயைப் பார்த்தாள்.

"தொண்டைக் கட்டு சரியாயிடுச்சா, லீராய்?"

லீராயின் தலை எண்ணெய் முகத்தில் இறங்குவது போல ஒரு வேர்வை. இருவரையும் அவசரமாகப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுத்தான். உள்ளே ரெட்டைக்குழல். வெள்ளித் தகட்டில் வான்கோழி, இறகு விரித்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

"லண்டன் பிரபு ரொம்ப தூரம் நடந்து வந்திருக்கான்" என்றான் டூயி.

"என் மச்சான் செதுக்கினது" என்றான் லீராய், கொஞ்சம் பெருமையாகவே. "அவனுக்கு வேற பறவை வராது. பழைய துப்பாக்கி, ஒருத்தன் கடனுக்கு ஈடா குடுத்தது. நூத்தி நாப்பது பெறும். தகடு ஒட்டி, கதை சொல்லி, வெல்டனுக்குக் குடுத்தேன். முதல்ல ரெண்டாயிரம்தான் கேட்டேன், ஆண்டவன் மேல சத்தியமா. 'அவ்வளவு சல்லிசா? அப்போ சுமார் சரக்குதானா?'ன்னு மூஞ்சிய சுளிச்சான். எட்டாயிரம்னேன், யோசிச்சான். பதினாலாயிரம்னு சொன்னப்புறம்தான் கண்ணு கலங்கி, கையில வாங்கினான். நான் என்ன பண்ண?"

"திரும்ப எதுக்கு வாங்கின?"

"சனிக்கிழமை டல்சா ஆளு வர்றான்ல? அவன் கையில இது போனா நாறிடுமே. வெல்டன் வீட்டு வாசல்ல மேஜை விளக்குக்குப் பக்கத்துல இது சாஞ்சு நிக்குது, போற வழியில பாத்து எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு."

"அவ்வளவு பயத்துலயும் பேரம்?"

"நூத்தி நாப்பது பெறுமானத்துக்கு இருநூறு எப்படிம்மா குடுக்கறது?" லீராய் நிஜமாகவே மனம் நொந்து கேட்டான். "வியாபாரின்னு ஒரு மரியாதை இல்லையா?"

ஓபல் கை நீட்டினாள். "பதினாலாயிரத்தை எடு. இல்லாட்டி ஷெரீப்."

லீராய் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்தான்.

"போங்கம்மா. தாராளமா போங்க. புகார் குடுக்கணும்ல? வெல்டன் வந்து பதினாலாயிரம்னு வாயைத் திறந்து சொல்லணும்ல? இந்த ஊர்ல என் மேல புகார் குடுக்கணும்னா, முதல்ல பொண்டாட்டி கால்ல விழுந்துட்டு வரணும். நான் கடை போட்ட நாள்லேர்ந்து ஒருத்தன் வந்ததில்ல. மஞ்சச் சீட்டு எனக்காக இல்லம்மா, அவங்களுக்காக. அவங்க கேட்டுத்தான் எழுதினேன். அதுவே எனக்குக் காவல்."

ஓபலின் கை விதைப் பைக்குள்ளேயே நின்றது. டூயிக்கு அது புது அனுபவம். இந்தப் பெண்மணி சூரியகாந்தி விதையைக் கூட மறந்து நிற்பதை அவன் பார்த்ததே இல்லை.

அவள் வெளியே போய் வெல்டனைக் கூப்பிட்டாள். பின்கட்டில் வைத்து, மென்று விழுங்கி, விஷயத்தைச் சொன்னாள். டூயி அவனைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றான்.

வெல்டன் குனிந்து அந்த வான்கோழியை விரலால் தடவினான்.

"அப்போ... இது நிஜமாவே இருநூறு டாலர் சாமான்தானா?"

"அதுவும் இல்ல, நூத்தி நாப்பது" என்றான் டூயி.

"அப்போ நான் நோவலின்கிட்ட சொன்னது பொய்யே இல்லையே!" வெல்டனின் முகம் கோணலாக மலர்ந்தது. "மேடம், இதை இதோட விட்டுடுவோம். காசு போனா போகட்டும். அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம். நான் உத்தமனாவே இருந்துட்டுப் போறேன்."

"நல்ல புள்ள" என்றான் லீராய்.

அப்போது முன்பக்கக் கதவு மணி அடித்தது.

"வெல்டன்! உன் லாரி வாசல்ல நிக்குதே, மதியம் சாப்பாட்டை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்ட!" நோவலினின் குரல். "அட! இது என் வாஃபிள் அடுப்பாச்சே!"

எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள். திறந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓபல் பின்னால் வந்தாள். நோவலின் கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய், அடுப்பைத் திறந்து, வெள்ளை மூலையை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். லீராயை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மப்ளரா நீ?"

"அது வந்துங்க..."

"வெட்கமா இல்ல? துப்பாக்கிக் கடை வச்சிருக்கவன் முகத்தை மூடிக்கிட்டு வந்து, ஒரு பொம்பளைகிட்ட அஞ்சு டாலருக்கு மல்லுக்கட்டற!" நோவலின் வெல்டன் பக்கம் திரும்பினாள். "ஆனா இவன் குடுத்த விலை நியாயம்தான், அதையும் சொல்லிடறேன். வசந்த காலத்துல நீ தீவனம் எடுக்க வெளியூர் போயிருந்தப்ப, டல்சாவுக்கு என் தங்கச்சியைப் பாக்கப் போனேன்ல, அப்ப அந்தத் துப்பாக்கியை எடுத்துட்டுப் போய் ஒருத்தர்கிட்ட மதிப்புப் போடச் சொன்னேன்."

வெல்டனின் கையிலிருந்து தொப்பி விழுந்தது. "எதுக்கு?"

"எல்லாரும் பெருக்கறாங்களே, நாமளும் ஒரு தடவை பாத்துடுவோம்னுதான். இருநூறுன்னு நீ சொன்னதை நான் நம்பலை, கண்ணு. கூரை போச்சுன்னு நீ சொன்ன கொஞ்ச நாள்லயே கட்டிலுக்கு அடியில இது வந்துச்சா... எனக்கு மனசுல ஒரு முள்ளு." அவள் சாப்பாட்டு டப்பாவை அணைத்துக்கொண்டாள். "அந்த ஆளு பாத்துட்டு, நூத்தி நாப்பது, மிஞ்சினா நூத்தம்பதுன்னான். அப்படியே வண்டியில உக்காந்து அழுதேன் வெல்டன். என் புருஷன் ஏமாந்திருக்கான், ஆனா என்னை ஏமாத்தலைன்னு. சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொன்னேன், இந்த ஊர்லயே பெருக்க வேண்டாத ஒரே புருஷன் என் புருஷன்தான்னு."

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூரையைப் பார்த்தார். வெர்ஜில் தரையைப் பார்த்தான். லீராய் பல் தெரிய, நிம்மதியாக, மெல்லச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை வெல்டன் பார்த்தான். பிறகு மனைவி கையில் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தான். 'பேசாம இருடா மடையா, தப்பிச்சுட்ட, பேசாம இரு' என்று டூயி மனசுக்குள் கத்தினான்.

"பதினாலாயிரம்" என்றான் வெல்டன்.

"என்னது?"

"பதினாலாயிரம் குடுத்து வாங்கினேன். கடல் காசு. கூரைக்கு ஒண்ணும் ஆகலை. நான் பொய் சொன்னேன் நோவலின். நீ அழுததுக்கு நான் லாயக்கில்ல."

வாஃபிள் அடுப்பு புஸ்ஸென்று ஆவி விட்டது.

நோவலின் டப்பாவைக் கல்லாவில் வைத்தாள். உதடு அசைந்தது. வகுத்துக்கொண்டிருந்தாள்.

"எழுபது மடங்கு" என்றாள். "பாஸ்டர் கூட மூணோட நின்னாரு."

அது உண்மை இல்லை என்பது பாஸ்டர் முகத்திலேயே தெரிந்தது. ஓபல் கையிலிருந்த பெட்டியில் வெள்ளித் தகட்டை அவர் இப்போதுதான் கவனித்திருந்தார். கிட்டே போய்க் குனிந்தார்.

"வான்கோழி" என்றார் கம்மிய குரலில். "லீராய், என் வீட்டுலயும் ஒரு வான்கோழி இருக்கே. ஸ்காட்லாந்து ராஜ குடும்பத்துதுன்னு சொன்னியே."

"என்கிட்ட ரெண்டு வான்கோழி" என்றான் வெர்ஜில், வாயில் கையை வைத்துக்கொண்டு.

"நான் சொல்றதைக் கேளுங்க, அவசரப்படாதீங்க" என்று லீராய் பின்வாங்கினான். "யோசிங்க! புகார்னா வீட்டுல சொல்லணும். சோபாவுல படுக்கணும். யோசிச்சுப் பாருங்க பாஸ்டர்!"

பாஸ்டர் யோசித்தார். நெற்றி வேர்த்தது. பிறகு பைபிளைத் திறந்து, உள்ளேயிருந்து மடித்த வெள்ளைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பைபிள் பாதியாக மெலிந்துபோனது.

"வெல்டன் ஹாட்ச் சொல்ல முடிஞ்சதை நான் சொல்ல முடியலைன்னா, ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பிரசங்கம் பண்றது?" என்றார். "சகோதரி ஓபல், ஷெரீப்பைக் கூப்பிடு. அதுக்கு முன்னாடி என் பொண்டாட்டியைக் கூப்பிடு. வேணாம், முதல்ல ஷெரீப்பையே கூப்பிடு. அவரு கொஞ்சம் நல்லவரு."

அன்று சாயங்காலத்துக்குள் லீராய் பெட்டகத்தைத் திறந்து அழுதபடியே வெல்டனின் பணத்தை எடுத்து வைத்தான். அவன் கடை வாசலில் ஆம்பிளைகள் வரிசை கட்டி நின்றார்கள், கையில் ஆளுக்கொரு வான்கோழியோடு. வரிசைக்கு எதிரே அவர்களுடைய மனைவிமார் இன்னொரு வரிசையாக நின்றார்கள். ஊரில் அத்தனை சோபா இருக்கிறதா என்பதுதான் டூயியின் கவலை.

"பாஸ், துப்பறியறதை விட்டுட்டு சோபாக் கடை வச்சுடலாம்."

ஓபல் லாரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெல்டன் லாரிக்கு வெளியே, தலையைத் தொங்கப்போட்டு நின்றான். நோவலின் உள்ளே உட்கார்ந்திருந்தாள். மடியில் பணப் பை, அதன் மேல் வாஃபிள் அடுப்பு. அதையும் விடாமல் பறித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அடுப்பு மூடியைத் திறந்து மூடியபடி, நேரே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கடல் இங்கேர்ந்து எவ்வளவு தூரம்?"

வெல்டன் நிமிர்ந்தான். கண் கலங்கியது. "ஐநூறு மைல், கண்ணு. சத்தியமா ஐநூறுதான்."

"நியாயப்படி எழுபதால பெருக்கணும்." நோவலின் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கையை மட்டும் நீட்டி, அவனுக்காகக் கதவைத் திறந்துவிட்டாள். "போனா போகுது, மத்த புருஷனுங்களுக்குப் பெருக்கற மாதிரி மூணாலயே பெருக்கிக்கறேன். ஏறு. ஆயிரத்தி ஐநூறு மைலுக்குச் சாப்பாடு கட்டணும்."